துணியில் பூத்த ஏலச் சரம்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் மின்விசிறி சுற்றாது. பழுது ஒன்றும் இல்லை. மூன்று இறக்கையும் துடைத்துப் பளபளவென்று தொங்கும். ஆனால் அதன் கீழே உட்காருகிறவர்கள் வேர்த்து வடிந்துகொண்டே இருப்பார்கள். "எங்க வீட்டுக்கு யாரு வேணாலும் வரலாம், காத்து மட்டும் வரக் கூடாது" என்பாள் வீட்டுக்காரி. காரணம், அவள் முன்னால் பரப்பிக் கிடக்கும் இதழ்கள். கட்டைவிரல் நகத்தளவு வெட்டிய ஆர்கண்டித் துணி இதழ்கள், ஒரு முறம் நிறைய. மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டாலே எழுந்து பறக்கும்.

போடியில் இப்படி ஒரு தொழில் செய்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று கொடியில் காயும் வேட்டியை உருவிக்கொண்டு சிலமலைப் பக்கம் போய்விடும். அந்தக் காற்றுக்குக் கதவைச் சாத்தி, சன்னலைச் சாத்தி, கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்து, உள்ளே உட்கார்ந்து அவள் பூச் செய்கிறாள். தெருமுனையில் மல்லிகை விற்கிற பூக்காரி ஒருத்தி இருப்பதால் இவளை நாங்கள் துணிப்பூக்காரி என்போம். இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. "அவ பூ சாயங்காலம் வாடுனாத்தேன் மறுநாள் அவளுக்குச் சோலி. என் பூ வாடாது, அதனால எனக்குத்தேன் சோலி கம்மி" என்று இவளே சொல்லிச் சிரிப்பாள்.

நானும் அவளும் முன்பு ஒரே ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கினோம். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் காயைக் கொட்டி, வரிசையாக உட்கார்ந்து, வெடித்தது, வெளுத்தது, சிறுத்தது, வண்டு துளைத்தது எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட்டு, ஒரே அளவு ஒரே பச்சையில் இருக்கிற காயை மட்டும் ஒதுக்குவது எங்கள் வேலை. அவளுக்குக் கண் வேண்டியதில்லை, விரலே பார்க்கும். என்னிடம் பேசிக்கொண்டே, முகம் என் பக்கம் இருக்க, கை மட்டும் அங்கே காயைப் பிரித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தத் தூசி அவளுக்கு ஆகவில்லை. மார்பில் இளைப்பு வந்தது. மத்தியானத்துக்குமேல் பேசினால் சொல்லுக்குச் சொல் ஒரு விசில் கேட்கும். போன பங்குனியில் நின்றுவிட்டாள்.

அவள் புருஷன் ஜீப் ஓட்டுகிறார். விடிகாலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறக்கிவிட்டு வருவார். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் பெரிது. அவள் குடோனை விட்டு நின்றபோது என் முன்னாலேயே சொன்னார்: "மதினி, நீங்களே கேளுங்க. ஒரு ஜீப்பை நம்பி ரெண்டு பொம்பளப் புள்ளைகளப் படிக்க வைக்க முடியாது. ஆவணி முகூர்த்தம் முடியிற வரைக்கும் பூவைக் கட்டட்டும். அதுக்குள்ள இவளுக்குன்னு நாலு பேரு தேடி வந்தா, சரி. இல்லன்னா மூக்கைக் கட்டிக்கிட்டு மறுபடியும் காய் பொறுக்கப் போக வேண்டியதுதேன்."

"நாலு பேரு என்ன, நாப்பது பேரு வருவாக" என்றாள் அவள். சொல்லி முடிக்கும்போது விசில் கேட்டது.

துணிப்பூ எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. யார் முதலில் தொடங்கியது என்று கேட்டால் இப்போதும் இரண்டு குடும்பம் அடித்துக்கொள்ளும். ஒரு தையற்காரர் வீட்டில், ரவிக்கை வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சுருட்டி ரோஜா ஆக்கினார்கள், அதுதான் ஆரம்பம் என்பார்கள் மேற்கே இருப்பவர்கள். கிழக்கே இருப்பவர்களோ, அதற்கு முன்பே தாங்கள் காகிதத்தில் பூச் செய்து மெழுகில் முக்கி, சரஸ்வதி பூஜைக்கு ஜீப்புகளுக்கெல்லாம் மாலை போட்டோம் என்பார்கள். மெழுகு மாலை மலையேறும்வரை நன்றாக இருக்குமாம், இஞ்சின் சூட்டில் திரும்பி வரும்போது வழிந்துவிடுமாம். "பூ போட்டு அனுப்புன வண்டி, பூ பூத்து முடிஞ்சு காய் காய்ச்சு வந்துச்சு" என்று ஒரு பழைய டிரைவர் என்னிடம் சொன்னார்.

பிறகு நைலான் காலுறைத் துணியைக் கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டிப் பூச் செய்கிற காலம் வந்தது. நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டு டிவிக்கு மேலும் அப்படி ஒரு ஜாடி இருந்தது. தீபாவளிக்கு முதல் வாரம் எல்லாப் பூவையும் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார்கள். பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவே நீல ரோஜாக்கள் தலைகீழாகத் தொங்கும். அதன்பின் சாட்டின் ரிப்பன் வந்தது. மதுரையிலிருந்து பஸ்சில் வெட்டிய இதழ்கள் சாக்குச் சாக்காக வரும். வீட்டில் சேர்த்துக் கட்டி, நூற்று நாற்பத்து நான்கு பூவை ஒரு குரோஸ் என்று எண்ணித் திருப்பி அனுப்புவோம். உலை கொதிக்கும் நேரத்தில் பத்து, பிள்ளை தூங்கும் நேரத்தில் இருபது என்று அது நடக்கும். பஸ்சில் போகும்போது எவள் கூந்தலிலாவது ஒரு ரிப்பன் ரோஜாவைப் பார்த்தால், அது நம் கை பட்டதாக இருக்குமோ என்று எட்டிப் பார்ப்பேன். நானும் கட்டியிருக்கிறேன். என் ரோஜா எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். இப்போது பஞ்சு மாதிரி ஒன்றில் மல்லிகைச் சரம் வருகிறது, இரண்டு அடி தள்ளி நின்றால் நிஜம் எது என்று தெரியாது. போனில் படம் போட்டு விற்கிறார்கள். தொழில் முகம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறதே தவிர, எங்கள் வீடுகளை விட்டுப் போனதில்லை.

ஆனால் சாக்கில் வந்த இதழைச் சேர்த்துக் கட்டுவது வேறு. 'இவள் கை வேண்டும்' என்று ஒருவர் வீடு தேடி வருவது வேறு. அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டாவது.

ஆடி பிறந்து சில நாளில் ஜீப்பிலிருந்து ஓர் அம்மாவை இறக்கி, கூட்டிக்கொண்டு வந்தார் அவள் புருஷன். மலையில் ஏலத்தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறவர், கல்யாணமான நாளிலிருந்து அங்கே காய் பறிக்கிறவர். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், போடியில் மண்டபம். வந்தவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே கேட்டார்.

"ஏ ஆத்தா, எல்லாப் பூவும் செய்வியாமே. ஏலப்பூ செய்வியா?"

துணிப்பூக்காரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஏலக்காயில் புரண்டவர்கள் நாங்கள். எங்கள் சேலை, சோறு, தலைமயிர் எல்லாம் ஏலக்காய் மணக்கும். ஆனால் ஏலப்பூவை நாங்கள் இரண்டு பேருமே பார்த்ததில்லை. எங்களுக்கு அது மூட்டையில் விளைகிற சாமான்.

"சடை நெறையா ஏலப்பூவு வேணும்" என்றார் மலைக்கார அம்மா. "என் மக அந்தப் பூவுக்குள்ளதேன் வளந்தா. ஒரு பூவைத் தலையில வச்சதில்ல. எங்க தோட்டத்துல யாரும் அதைப் பறிக்க மாட்டோம். ஒரு பூவு போச்சுன்னா ஒரு காய் போச்சு. சின்னப் புள்ளையில ஒரு நாள் ஒத்தப் பூவைப் பறிச்சுக் காதுல சொருகிக்கிட்டு ஓடியாந்தா. என்ன அழகா இருந்துச்சு தெரியுமா? அந்தக் காதோட சேத்து ஒண்ணு வச்சேன்." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அவ ஒண்ணும் கேக்கல. நாந்தேன் கேக்குறேன்."

துணிப்பூக்காரி உடனே சரி என்றுவிட்டாள். "ஒரு பூ மாதிரிக்குக் கொண்டாங்களேன், அதைப் பாத்துச் செய்றேன்."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டு நேரம் என்ன சொன்னேன்? நீதேன் மேல வரணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பில் ஏறினோம். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. போடிமெட்டில் மூடுபனி வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. தோட்டத்தில் கங்காணியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார் மலைக்கார அம்மா. அட்டை ஏறாமல் இருக்க எங்கள் காலில் உப்பும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவிவிட்டார். அப்படியும் என் காலில் மூன்று ஏறின. "அட்டைக்கும் உங்க பேச்சு பிடிச்சுப் போச்சு போல, மதினி" என்றார் ஜீப்காரர்.

பூவைத் தேடி நாங்கள் இரண்டு பேரும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தோம். தலைக்கு மேலே இலைதான் இருந்தது. மலைக்கார அம்மா சிரித்துவிட்டார். "குனிஞ்சு பாருங்க தாயீ." செடியின் தூரிலிருந்து, தரையோடு தரையாக நீண்ட காம்புகள் படர்ந்து கிடந்தன. அதைத்தான் சரம் என்கிறார்கள். அதில் பூ. வெள்ளை உதடு ஒன்று மட்டும் மலர்ந்து, அதன் நடுவிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய கோடுகள் விரிந்து ஓடின. யாரோ உட்கார்ந்து ஒரு மயிரிழையால் எழுதின மாதிரி இருந்தது. ஈர மண்ணில் துணிப்பூக்காரி முழங்கால் போட்டுக் குனிந்தாள். கை தானாக நீண்டது.

"தொடாதீக!" என்றார் அந்த அம்மா.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். போனில் படம் எடுத்தாள், ஒரு பூவுக்குப் பக்கத்தில் தன் சுண்டுவிரலை வைத்து அளவெடுத்தாள். இறங்கி வரும்போது வண்டியில் அவள் கை ஓயவில்லை. என் மடியில் இருந்த அவள் விரல்கள் காற்றில் எதையோ மடித்துக்கொண்டிருந்தன. அன்று அவள் மூச்சில் விசில் இல்லை என்பதை நான்தான் கவனித்தேன்.

பிறகு நடந்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். ஆர்கண்டியை ஜவ்வரிசிக் கஞ்சியில் நனைத்து விறைக்க வைத்தாள். உதடு மாதிரி வெட்டி, சூடு காட்டிய கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றையும் அழுத்திக் குழிய வைத்தாள். சாயத்தைப் பேனாவில் போட்டால் பரவியது. பல் குச்சியில் போட்டால் தடித்தது. கடைசியில் விளக்குமாற்று ஈர்க்கின் நுனியைப் பல்லால் கடித்துப் பிரித்து, அதில் தொட்டு எழுதினாள். கோடு ஓடியது பாருங்கள், மலையில் பார்த்த அதே கோடு! அக்கம்பக்கத்தில் இருந்து இரண்டு பெண்கள் உதவிக்கு வந்தார்கள், இரண்டு பேரும் எங்கள் குடோன் ஆட்கள்தான். ஆடிக் காற்று கதவை உலுக்க, நான்கு பேரும் வேர்வையில் நனைந்தோம். ஒரு சாயங்காலம் ஜீப்காரர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே பழக்கத்தில் விசிறி சுவிட்சைத் தட்டிவிட்டார். அன்று செய்த இதழெல்லாம் சாமி படம் வரைக்கும் பறந்தது.

"ஐயோ, இந்தாளு!" என்று கத்தினாள். "பூமாரி பொழியணும்னா சினிமாவுக்குப் போயி நில்லுங்க!"

"வேர்க்குதுடீ."

"எங்களுக்கு மட்டும் பன்னீரா வடியுது?"

ஆவணி முதல் வாரத்தில் சடை தயாரானது. கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. வெல்வெட் துணியில் பின்னல் மாதிரி தைத்து, அதன்மேல் பதினைந்து சரம், சரத்துக்குச் சரம் நெருக்கமாகப் பூ. அதை நான் தூக்கிப் பிடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அன்று காலை மலைக்கார அம்மா வந்தார். சடையை மடியில் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். ஒரு பூவின் கோட்டை விரலால் தடவினார்.

"பூ கொள்ளாம்" என்றார். மலையில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறது என்பதற்கு மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் முகத்தில் அந்தக் 'கொள்ளாம்' இல்லை. "ஆனா இது எங்க சரம் இல்ல."

துணிப்பூக்காரி மூச்சை இழுத்தாள், விசில் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன குறைச்சல் கண்டீக? ஒரு பூவு கோணல் உண்டா? ஒரு இதழ் சின்னது உண்டா?" என்று சண்டைக்குப் போனேன்.

"அதேன் குறைச்சல்" என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக. "எந்தச் சரத்துல எல்லாப் பூவும் ஒரே நாளையில பூக்கும்? ஒண்ணு பூத்திருக்கும், ஒண்ணு நாளைக்கு, ஒண்ணு நேத்தே சுருண்டிருக்கும். இது என்னமோ எண்ணி அடுக்குன மாதிரி இருக்கு."

எண்ணி அடுக்கினது மாதிரி. அந்தச் சொல் விழுந்ததும் நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூலையில் இருந்த கூடையைப் பார்த்தோம். நாங்கள் தள்ளிவிட்ட கூடை. பூச் செய்யும்போது எங்களுக்கே தெரியாமல் எங்கள் விரல்கள் குடோனில் செய்வதைச் செய்திருந்தன. விரியாதது, சுருண்டது, சாயம் வெளுத்தது, அளவில் சிறுத்தது, எல்லாவற்றையும் ஒதுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, ஒரே அளவில் ஒரே நிறத்தில் இருந்த பூவை மட்டும் எடுத்துக் கட்டியிருக்கிறோம். ஏலப்பூவை ஏலக்காயாகப் பொறுக்கிவிட்டோம்!

துணிப்பூக்காரி எழுந்து போய்க் கூடையைக் கொண்டுவந்து அந்த அம்மா முன்னால் கவிழ்த்தாள். "இதுல இருக்கா பாருங்கக்கா" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். எங்கள் கழிவைக் கிளறினார். "இந்தா மொட்டு. இந்தா, வாடுனது. இந்தா, மழையில நனைஞ்சது" என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசை வைத்தார். "நுனியில மொட்டு. அதுக்குக் கீழ பூவு. அதுக்குக் கீழ வாடுனது. அடியில..." தேடினார். கூடையில் அது இல்லை. "அடியில பிஞ்சுக் காய் வரணும். அது உங்களுக்கு வராது, விடு."

"காயா?" என்றாள் துணிப்பூக்காரி. அவள் முகத்தில் சிரிப்பு ஏறியதை நான் பார்த்தேன். "எங்களுக்கா வராது?"

பச்சை சாட்டினைக் கிள்ளி எடுத்தாள். கொஞ்சம் பஞ்சு. ஒரு ஊசி நூல். கண் அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது, கை மட்டும் வேலை செய்தது. மூன்று பட்டை, நுனியில் ஒரு சின்ன மூக்கு, காம்புப் பக்கம் ஒரு சுருக்கு. நீட்டினாள். அந்த அம்மா அதை வாங்கி, நம்ப மாட்டீர்கள், மூக்கில் வைத்து மோந்து பார்த்தார்.

பூவை அறிந்தவர் ஒருவர், காயை அறிந்தவள் ஒருத்தி. ஒரே செடியின் இரண்டு முனையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர்கள், அன்றுதான் ஒரே முறத்தின் இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். கட்டிய சரத்தையெல்லாம் பிரித்தோம். இருந்தது ஆறே நாள். அந்த அம்மா மலைக்குப் போகவில்லை, கல்யாண வேலையை வீட்டு ஆண்களிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் எங்களோடேயே இருந்தார். பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடியது. நான் ஒரு பூவை அழகாக நிமிர்த்தப் போனால், "அதை ஏன் நிமுத்துறீக? பாவம், அது நேத்துப் பூத்த பூவு, தூங்கட்டும்" என்று கையைத் தட்டிவிடுவார்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்து அறையில் பெண்ணுக்குச் சடை வைத்தார்கள். நானும் துணிப்பூக்காரியும் ஊசி நூலோடு நின்றோம். பெண்ணிடம் யாரும் முன்பே சொல்லவில்லை. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தவள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையைப் பின்னால் விட்டு, ஒரு சரத்திலிருந்து ஒரே ஒரு பூவைச் சுண்டி இழுத்தாள். துணிப்பூக்காரி 'ஐயோ' என்று வாயெடுத்தாள். அந்தப் பெண் அதைக் காதில் சொருகிக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப அடிப்பியாம்மா?"

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். காதில் இருந்த பூ அங்கேயே இருந்தது. தாலி கட்டும்போதும் இருந்தது.

முகூர்த்தம் முடிந்ததும் மலையிலிருந்து வந்திருந்த பெண்கள் பெண்ணுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். வாழ்த்தவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை. சடையைப் பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து, அடியில் இருந்த பிஞ்சுக் காயைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து, தோட்டத்தில் செய்வது போலவே லேசாக அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் பத்து நாள் கெடக்கட்டும். முத்தல" என்றாள்.

மண்டபமே சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியாகத் துணிப்பூக்காரியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்திக்குத் தையில் மருமகள் வருகிறாள். ஒருத்திக்குப் பேத்தியின் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு வேண்டும். குரங்கணிப் பக்கத்திலிருந்து வந்தவள், "எங்களுக்குக் காப்பிப் பூவு வேணும். அதையும் நாங்க பறிக்க மாட்டோம்ல" என்றாள். துணிப்பூக்காரி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு சொல்லுக்கும் விசில் இல்லை.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஜீப்காரர் உட்கார்ந்திருந்தார். இலையைப் பார்க்காமல் அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, நாலு பேரு ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஏழு வரைக்கும் எண்ணுனேன் மதினி. அதுக்குள்ள சாம்பார் வந்துருச்சு" என்றார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், காப்பிப் பூ எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். முறத்தில் வெள்ளை இதழ்கள் கிடந்தன. ஜீப்காரர் உள்ளே வந்தார், சட்டையைக் கழற்றினார், கை சுவிட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. கையை எடுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்தபடி மெதுவாகக் கதவைத் திறந்து, வெளியே போய், சத்தமில்லாமல் சாத்தினார்.

நான் வீட்டுக்குப் புறப்பட்டபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அன்று தெருவில் ஓர் இலை அசையவில்லை. முதுகெல்லாம் வேர்வை.

"என்ன, இங்க உக்காந்துட்டீக?"

"வெளிய காத்து நல்லாத்தேன் வருது, மதினி" என்றார்.